சுவரும் சித்திரமும்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உடம்பைப் பேணாதவன் உயர்ந்த காரியம் எதனையும் சாதிக்கமாட்டான் என்பதே அதன் பொருள் என்று பாலர் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது வருடங்களாக ஆசிரியத் தொழில் பார்த்துவரும் நானும் அதனை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆயினும், அப்பழமொழியின் மறுபாதிப் பொருளை நான் அறிந்துகொண்டது இரண்டு வருடங்களுக்கு முன்னர், வங்காளத்துச் செம்மண் நிலமொன்றில், சித்திரம் பயிலும் மாணவர்கள் நடத்திய ஒரு சந்தையிலேதான் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த காலம் அது. அவள் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்தவள். மேலே என்ன படிப்பது என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, "அப்பா, நான் சாந்திநிகேதனத்துக்குப் போய்ச் சித்திரம் படிக்கப்போறன்" என்றாள். நான் கணித ஆசிரியன். பிள்ளை ஒரு பட்டம் பெற்று, ஓர் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, மாதம் முடியச் சம்பளம் வாங்கவேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு கனவுகள் இருந்ததில்லை.

"மருதனார்மடத்தில் இல்லாத சித்திரமா பிள்ளை அங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இஞ்சையும் நல்லாப் படிப்பிக்கினம் அப்பா. ஆனால் நான் சுவரில எழுதப் படிக்கவேணும். அதுக்கு அங்கதான் போகவேணும்" என்றாள்.

அவள் சுவரென்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. எங்கள் வீட்டுக் குசினிச் சுவர் அவளுக்கு நான்கு வயதிலிருந்தே சித்திரக்கொப்பி. அடுப்புக் கரித்துண்டு கையில் அகப்பட்டால் போதும். கிணற்றடித் துலா, கோழியும் குஞ்சுகளும், நல்லூர்த் தேர், வெற்றிலை இடிக்கும் அப்பாச்சி எல்லாரும் சுவரிலே ஏறிவிடுவார்கள். வருடந்தோறும் தைப்பொங்கலுக்கு முன்னர் நான் சுண்ணாம்பு கரைத்து வீடு முழுவதும் வெள்ளையடிப்பேன். துலாவும் தேரும் அப்பாச்சியும் ஒரே பூச்சில் மறைந்துபோவார்கள். அவள் ஒருநாளும் அழுததில்லை. பொங்கல் கழிந்த மறுநாள், மூலையில் முதற்கோழி மீண்டும் தலைகாட்டும்.

அவள் கேட்டதற்கு நான் இந்தப் பழமொழியையே பதிலாகச் சொன்னேன். "முதலில் சுவரைக் கட்டு, பிள்ளை. உத்தியோகம், சம்பளம், சொந்தக் காலில் நிற்கும் பலம், இவைதான் சுவர். சித்திரத்தைப் பிறகு எழுதலாம்" என்றேன்.

இப்படிச் சொன்னதற்குக் காரணமில்லாமலில்லை. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு சித்திரகாரர் இருந்தார். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுவதும், நாடகங்களுக்குச் சீன் எழுதுவதும் அவர் தொழில். அவர் எழுதிய கைலாய மலையைக் கண்டால் நமக்குக் குளிர்வதுபோலிருக்கும். ஒருநாள் வாதம் வந்து அவருடைய வலக்கை விழுந்துவிட்டது. அதன்பின் வாகனத்துக்கு வேறொருவர் வந்தார். இவர் படலையடியிலே குந்தியிருந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன மாதிரி எழுதின கை!" என்று எல்லாரும் சொல்லிப்போவார்கள். அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று கேட்டவர்கள் சிலரே. கடைசியில் தூரிகைகளையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததை இந்த மண்ணில் யாரும் மறக்கமாட்டார்கள். அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை; கதவு நிலைகளில்லை; சுவர்கள் மாத்திரம் நின்றன. என் தகப்பனார் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுவர் நிக்குது, காணும்" என்றார். அன்றுமுதல் எனக்குச் சுவரே பெரிது, சித்திரம் அற்பம்.

என் மனைவிதான் இடையில் வந்து, "பிள்ளையின்ர ஆசையை ஒரேயடியாய் வெட்டாதேங்கோ. ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றாள். நான் சம்மதித்தேன். போய்ப் பார்த்தால் மறுப்பதற்கு இன்னும் நல்ல நியாயங்கள் கிடைக்கும் என்பதே என் உள்ளக்கிடக்கை. அங்கே டிசெம்பர் முதலாந் திகதியும் இரண்டாந் திகதியும் கலாபவனத்தாரின் விழாவொன்று நடைபெறும் என்றும், அந்நாட்களில் போனால் எல்லாவற்றையும் ஒருசேரக் காணலாம் என்றும் மகள் சொன்னாள். விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து கொல்கத்தா. பின்னர் ஹௌராவிலிருந்து போல்பூருக்குப் புகைவண்டி. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். மூன்று மணிநேரத்துக்குள் போய்விடலாம். வர்த்தமான் தாண்டியபின் இருமருங்கும் வயல்கள். அது அங்கே கார்த்திகை நெல் அறுவடைக் காலம். வண்டிக்குள்ளே காவியுடுத்த பாவுல் பாடகரொருவர் ஏறி, ஒற்றைத் தந்தி மீட்டிப் பாடினார். மொழி விளங்கவில்லை, ஆனால் பெட்டியிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். போல்பூரை நெருங்க நெருங்க மண் சிவந்தது. வயல்வரம்பிலே பனைமரங்கள் வரிசையாக எழுந்தன. "எங்கட ஊர் மாதிரியே இருக்கு, அப்பா" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் வாய்திறக்கவில்லை.

சாந்திநிகேதனம் ஒரு மரநிழலில் பிறந்த ஊர். கவி இரவீந்திரநாத தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863ஆம் ஆண்டில் அந்தத் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, அங்கே தியானத்துக்கு ஏற்ற நிழல் தந்தவை ஏழிலைப்பாலை மரங்களே. இன்றும் அவ்விடத்தை அம்மரத்தின் பெயராலேயே வழங்குகிறார்கள். பட்டமளிப்பு விழாவிலும் அம்மரத்தின் இலையைக் கொடுக்கிறார்கள். 1901ஆம் ஆண்டு டிசெம்பரில் இரவீந்திரநாதர் ஐந்து மாணவர்களோடு அங்கே பள்ளியைத் தொடக்கினார். 1919ஆம் ஆண்டில் சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய கலாபவனம் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் அது விசுவபாரதியென்னும் கல்விக்கழகமாக விரிந்தது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் பிரயாணத்துக்கு முன்னரே நூல்களில் நான் படித்துக்கொண்டவை.

அங்கே வருடம் என்பது தவணைகளால் மாத்திரம் அளக்கப்படுவதில்லை, பருவங்களாலும் அளக்கப்படுகிறது. மழை வந்தால் மழைக்கு விழா. மரம் நடுவதற்கு ஒரு விழா. ஏர் பூட்டுவதற்கு ஒரு விழா. மார்கழியில் பௌஷ மேளா; மாசி பங்குனியில் வசந்தோற்சவம். இப்பருவ விழாக்களின் தொடக்கத்தை அறிந்தபோது என் நெஞ்சு கனத்தது. 1907ஆம் ஆண்டின் முற்பகுதியில் வசந்த காலத்தை வரவேற்று முதன்முதலாக ஒரு விழா எடுத்தவன் கவியின் கடைசி மகன் சமீந்திரநாதன். பத்து வயதுச் சிறுவன். மாணவரைக் கூட்டி, பூக்களை வைத்து, பாட்டும் வேடமுமாக அவன் அந்த விழாவை நடத்தினான். அவ்வருடம் நவம்பர் மாதத்தில், விடுமுறைக்குப் போயிருந்த இடத்தில், வாந்திபேதி கண்டு அவன் இறந்துவிட்டான். தகப்பனார் விழாவை நிறுத்திவிடவில்லை. பையனுடைய விளையாட்டை ஊருடைய வழக்கமாக்கினார். ஒவ்வொரு பருவத்துக்கும் பாட்டெழுதினார், நாடகமெழுதினார். பிள்ளையைப் பெற்ற எவனும் இதைக் கேட்டுவிட்டு அவ்வூர் விழாவை வெறும் வேடிக்கையென்று சொல்லமாட்டான்.

நாங்கள் பார்க்கப்போன விழாவுக்கு நந்தன் மேளா என்று பெயர். கலாபவனத்தை 1922 முதல் 1951 வரை தலைமை தாங்கி வளர்த்த நந்தலால் வசு, 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி பிறந்தவர். இந்திய அரசியலமைப்பின் மூலப்பிரதியைச் சித்திரங்களால் அலங்கரித்தவர் அவரும் அவருடைய மாணாக்கரும். காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரசு மாநாட்டுக்கு, வீதியால் போகும் குடியானவரும் நின்று பார்க்கத்தக்கதாகச் சித்திரங்கள் எழுதிக்கொடுத்தவரும் அவரே. அப்பெருமகனின் பிறந்தநாளுக்கு முந்திய இரண்டு நாட்களும் இந்தச் சந்தை நடைபெறுகிறது.

வாயிலிலே மூங்கிலும் துணியும் கொண்டு மாணவர்கள் ஒரு தோரணம் கட்டியிருந்தார்கள். உள்ளே மரங்களுக்கிடையில் சிறுசிறு கடைகள். சித்திரம், சிற்பம், அச்சுக்கலை என்று ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் கைவேலைகளைப் பரப்பியிருந்தார்கள். கையாற் செய்த நாட்காட்டிகள், வாழ்த்துமடல்கள், மட்பாண்டங்கள், மரப்பொம்மைகள், சாயமிட்ட துணிகள், சிறிய சித்திரங்கள். தின்பண்டக் கடையையும் மாணவர்களே நடத்தினார்கள். தலைநரைத்த பேராசிரியர் ஒருவர் ஒரு கடைவாசலில் முக்காலியில் இருந்து, கேட்டவர்களுக்கு மையால் இரண்டு நிமிடத்தில் ஒரு காகமோ ஆடோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவரை நம்மைப்போலச் 'சேர்' என்று அழைக்கவில்லை. பெயரோடு 'தா' என்று சேர்த்தார்கள். அண்ணா என்று பொருளாம். ஆசிரியைகளுக்கு 'தி', அதாவது அக்கா.

நம்மூர்க் கலைவிழாக்களில் பழகிப்போன என் கண்கள் ஒன்றைத் தேடின. "பரிசு எப்போது கொடுப்பார்கள்? முதலாமிடம் யாருக்கு?" என்று பக்கத்தில் நின்ற ஓர் ஆசிரியையிடம் ஆங்கிலத்திற் கேட்டேன்.

அவர் சிரித்தார். "இங்கே பரிசு இல்லை. சித்திரத்தை விற்ற காசும் எழுதியவருக்கு இல்லை" என்றார்.

"அப்படியானால் யாருக்கு?"

"வருத்தம் வந்த பிள்ளைக்கு" என்றார்.

அவர் சொன்ன கதை இதுதான். 1973ஆம் ஆண்டில் இந்த மேளா தொடங்கியது. மாணவரொருவருக்கு விபத்து நேர்ந்தது. மருத்துவச் செலவுக்கு வேண்டிய காசு ஒருவரிடமும் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் கைத்திறன் ஒன்றே. ஆசிரியரும் மாணவரும் தாம் எழுதியவற்றையும் செய்தவற்றையும் கொண்டுவந்து விற்றார்கள். அதிலிருந்து ஒரு நிதி உருவாயிற்று. அன்றுமுதல் இந்தச் சந்தையில் வரும் காசு மாணவர் நலநிதிக்கே போகிறது. நோயுற்ற பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் அதிலிருந்து உதவுகிறார்கள்.

நான் பதில் சொல்லாமல் நின்றேன். படலையடியிலே வலக்கை விழுந்து குந்தியிருந்த எங்கள் ஒழுங்கைச் சித்திரகாரர் என் கண்முன்னே வந்து நின்றார். நாங்கள் அவருக்குப் புகழ்ச்சியைக் கொடுத்தோம். இவர்கள் விழுந்தவனுக்குச் சித்திரத்தாலேயே ஒரு சுவரெழுப்பியிருக்கிறார்கள். சுவரிருந்தால்தான் சித்திரம் என்பதை நான் அறிவேன். சித்திரமும் சுவராகலாம் என்பதை அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை.

அந்த ஆசிரியை எங்களை அழைத்துக்கொண்டுபோய் மேலும் சிலவற்றைக் காட்டினார். 'கரிய வீடு' என்று பெயர்பெற்ற மாணவர் விடுதியொன்று அங்கே உண்டு. மண்ணாற் கட்டி, மழைக்குக் கரையாதபடி தார் பூசிய வீடு. 1930களில் ஆசிரியரும் மாணவருமாக அச்சுவர்கள் முழுவதிலும் புடைப்புச் சிற்பங்களை ஆக்கியிருக்கிறார்கள். அங்கே சுவர் வேறு, சித்திரம் வேறு என்று பிரிக்கமுடியாது. சற்றுத் தூரத்தில் இராமகிங்கர் பைஜ் 1938ஆம் ஆண்டில் செய்த 'சாந்தால் குடும்பம்' நிற்கிறது. பளிங்கில்லை, வெண்கலமில்லை, சீமெந்தும் அந்தச் செம்மண் பூமியின் பரற்கற்களும் கலந்து செய்தது. காவுதடியில் உடைமையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, நாயும் கூடவர, ஊர்விட்டு ஊர்போகும் ஒரு குடும்பம். 1995ஆம் ஆண்டில் நாங்கள் நடந்த நடையை நான் அங்கே கண்டேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அப்பால் நகர்ந்தாள்.

எல்லாவற்றிலும் மேலாக என்னைத் தடுத்து நிறுத்தியது ஓர் ஓட்டுச் சித்திரம். வினோதவிகாரி முகர்ஜி கலாபவனத்திலே பயின்று, அங்கேயே ஆசிரியரானவர், பெரிய சுவரோவியர். பிறவியிலேயே பார்வை குறைந்தவர். பின்னர் கண்ணில் செய்த சத்திரசிகிச்சை பலிக்காமல் இருந்த பார்வையும் போயிற்று. சுவரோவியம் எழுதும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி என்ன உண்டு? ஆனால் கலாபவனம் அவரைப் படலையடியில் இருக்கவிடவில்லை. கலை வரலாறு கற்பிக்க 1958ஆம் ஆண்டில் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. விரல்களால் தடவிக் கடதாசி வெட்டியும் களிமண் பிசைந்தும் அவர் வேலை செய்தார். 1972ஆம் ஆண்டில், கண்ணற்றவராகவே, கலாபவனச் சுவரொன்றை ஓடுகளால் ஆன சித்திரத்தால் நிரப்பினார். அவரிடம் பயின்ற சத்தியஜித் ராய் அவ்வருடம் எடுத்த விவரணப் படத்தில் அந்தக் காட்சியைக் காணலாம்.

ஒருவனுக்குக் கை விழுந்தது. இன்னொருவருக்குக் கண் போயிற்று. முன்னவர் தூரிகையை விற்றார். பின்னவர் ஒரு சுவரை நிரப்பினார். இருவருக்குமிடையிலுள்ள வித்தியாசம் திறமையில்லை; பக்கத்தில் இருந்த மனிதர்களே. இதை எண்ணியபோது, மகளை மறுப்பதற்காக நான் கட்டிக்கொண்டுவந்த நியாயங்களில் முக்கியமான ஒன்று கழன்று விழுந்தது.

மாலையில் நான் ஓர் ஆலமரத்தடியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மகளைக் காணவில்லை. தேடிப்போனபோது ஒரு கடையின் பின்புறத்தில், நிலத்திலே சம்மணமிட்டு இருந்தாள். அவளைச் சுற்றி ஐந்தாறு மாணவிகள். விற்பனை மும்முரத்தில் பானைகளுக்கு வர்ணம் தீட்டக் கைகள் போதவில்லையாம். புதிதாக வந்தவளென்றும் பாராமல் ஒருத்தி இவள் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டாள். இவள் வங்காளமறியாள், அவர்கள் தமிழறியார். ஆயினும் வேலை நடந்தது. சிறிய பானையொன்றில் இவள் ஒரு கிணற்றையும் துலாவையும் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் வருடாவருடம் நான் அழித்த அதே துலா. கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு முதியவர் அதனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார். "எங்கட ஊரில தண்ணி அள்ளுறது" என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். நூறு ரூபா கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த நூறு ரூபாவும் தகரப்பெட்டிக்குள் விழுந்தது.

என் மகள் சம்பாதித்த முதற்காசு அது. அதில் ஒரு சதமும் அவளுக்கு வரவில்லை. முகமறியாத ஏதோ ஒரு பிள்ளையின் மருந்துக்கு அது போயிருக்கும். பரிசு வாங்கிய நாட்களிலும் அவள் முகத்தில் நான் காணாத ஒரு நிறைவை அன்று கண்டேன்.

மறுநாட் காலை, பக்கத்திலுள்ள சாந்தால் கிராமமொன்றைப் பார்க்கப் போனோம். மண்வீடுகள். சுவர்கள் கண்ணாடிபோல மெழுகப்பட்டு, அவற்றின்மேல் செம்மண்ணும் கரியும் வெள்ளைமண்ணும் கொண்டு பட்டைகளும் பூக்களும் மயில்களும் எழுதப்பட்டிருந்தன. ஒரு வீட்டின் முன்னே ஒரு பெண் பழைய சித்திரத்தின்மேல் சாணமும் மண்ணும் கலந்து பூசிக்கொண்டிருந்தாள். விழாக்காலம் வரும்போது பழையதை மெழுகி அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது அவர்கள் வழக்கமாம். அழகான மயிலொன்று அவள் உள்ளங்கையின் கீழே மறைந்துகொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. என் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை நினைவுக்கு வந்தது.

"பிள்ளை, நான் உன்ர சித்திரங்களை எல்லாம் அழிச்சுப்போட்டனே" என்றேன். அவளுக்குப் பதினைந்து வருடம் பிந்திச் சொன்ன வார்த்தை அது.

அவள் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் வெள்ளையடிச்சபடியால்தானே அப்பா, எனக்கு வருசாவருசம் புதுச்சுவர் கிடைச்சது."

நான் அங்கேயே சம்மதித்துவிட்டேன். அவளிடம் சொல்வதற்கு முன்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது.

சித்திரம் படித்தவர்களுக்கெல்லாம் வாழ்வு பூம்பந்தலாக அமைந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. படித்து முடித்துவந்து என் மகள் என்ன உத்தியோகம் பார்ப்பாள் என்று கேட்டால் இன்றும் என்னிடம் விடையில்லை. ஆனால் "கலை சோறு போடுமா?" என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைக் கலையிடம் மாத்திரம் கேட்பது நியாயமாகாது; கைதட்டிவிட்டு வீடுபோகும் நம்மிடமும் கேட்கவேண்டும்.

சாந்திநிகேதனம் நமக்கு அந்நியமான இடமுமன்று. இரவீந்திரநாதர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தவர். கடைசி வருகையின்போது ஹொரணையில் ஸ்ரீபாளி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அங்கே பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமும் அமைந்தது. நமது தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனத்திலே பயின்றவர்; நாடகப் பேராசிரியர் சரச்சந்திராவும், நடனக் கலைஞர் சித்திரசேனாவும் அவ்வாறே. பண்டிதர் மு. நல்லதம்பியின் தமிழ் வரிகளில் அந்தக் கீதத்தை ஒவ்வொரு காலையும் நம் பிள்ளைகள் பாடும்போது, அந்தச் செம்மண்ணின் வாசம் சிறிது அதிலுண்டு.

நம் கல்லூரிகளிலும் வாணிவிழா உண்டு, கலைவிழா உண்டு, தமிழ்த்தினப் போட்டி உண்டு. ஆனால் பெரும்பாலும் அவை முதலாமிடத்தைத் தேடும் விழாக்கள். மூவர் மேடையேறுகிறார்கள், முந்நூறுபேர் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். போட்டி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு விழாவாயினும் வெல்பவருக்காகவன்றி விழுந்தவருக்காக இருக்கட்டும் என்கிறேன். சென்ற கார்த்திகை விளக்கீட்டுக்கு எங்கள் கல்லூரிச் சிறுவர்கள் களிமண் விளக்குகள் செய்து, வர்ணந்தீட்டி விற்றார்கள். வந்த காசு பெரிதன்று. நீரிழிவால் அவதியுறும் ஒரு மாணவனுக்கு மூன்று மாதங்களுக்கு ஊசிமருந்து வாங்கக் காணுமாயிருந்தது. விளக்குச் செய்தவர்களில், கணிதத்தில் இருபது புள்ளி தாண்டாத ஒருவன் இருந்தான். அவன் கைக்கு அத்தனை நேர்த்தியிருப்பதை மூன்று வருடம் படிப்பித்த நான் அன்றுதான் கண்டேன்.

மகள் இப்போது கலாபவனத்தில் படிக்கிறாள். சென்ற டிசெம்பர் மேளாவில் தானும் ஒரு கடையில் நின்றதாகவும், பனையோலைப் பெட்டிகளில் வர்ணந்தீட்டி விற்றதாகவும் எழுதியிருந்தாள். நிதிக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை எழுதியவள், பரீட்சைப் புள்ளிகளைப்பற்றி எழுத மறந்துவிட்டாள். கணித ஆசிரியன் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கும் வழக்கம்போலச் சுண்ணாம்பு கரைத்தேன். தலைவாசல், விறாந்தை, சுவாமியறை எல்லாம் அடித்து முடித்துக் கடைசியாகக் குசினிக்கு வந்தேன். சுவரிலே அழிப்பதற்கு ஒன்றுமில்லை. சென்ற வருடத்து வெள்ளை அப்படியே இருந்தது. "ஊத்தையில்லைத்தானே, விடுங்கோவன்" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. மற்றச் சுவர்களுக்கு ஒரு பூச்சென்றால், அதற்கு இரண்டு பூச்சுப் பூசினேன். சித்திரை விடுமுறைக்குப் பிள்ளை வருகிறாள்.